சுமைத்தாள்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு
நேர்க்கோட்டில் ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர், ஏறக்குறைய.
இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானத்தில்
ஒன்றரை மணி நேரம்.
எதிர்க்காற்று இருந்தால் ஐந்து நிமிடம் கூடும்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்,
சம்பளமே அதற்குத்தான்.

ஜோஸ்லின் கேட்டபோது மட்டும்
வேறு கணக்கு வந்தது வாயில்.
"நீ ரெண்டு வேளை சாப்பிட்டு முடிக்கிற நேரம்டி."
அவள் ஒரு வாய் சோற்றை எவ்வளவு நேரம்
கன்னத்தில் அடக்கி வைப்பாள் என்று தெரிந்தவர்கள்
உலகத்தில் இரண்டே பேர்.
ஒருத்தி மீனம்பாக்கத்தில்.
மற்றவர் வாகைக்குளத்தில், கம்பிக்கு அந்தப் பக்கம்,
இந்நேரம் வந்து நின்றிருப்பார்.
தீர்ப்பின்படி கிறிஸ்துமஸ் எனக்கு,
பொங்கல் லீவு ரெக்ஸனுக்கு.

இன்று போகி.
பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர்
எல்லாம் நாலு மணிக்கே பழசை வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டன.
பாய், பஞ்சு பிதுங்கிய தலையணை, போன வருட நோட்டுகள்.
யாரோ டயரும் போட்டிருக்கிறார்கள், மூக்கு சொல்கிறது.
திரிசூலம் மலையைக் காணோம்.
ஓடுபாதை விளக்குகள் மூன்றாவதோடு தீர்ந்துவிட்டன.
பார்வை இருநூறு மீட்டர் என்கிறது வானிலைத் தாள்.
எதுவும் எழும்பாது.

என் வேலை பாரம் பார்ப்பது.
பெரியவர் என்றால் எழுபத்தைந்து கிலோ,
குழந்தை என்றால் முப்பத்தைந்து.
யாரையும் நிறுத்துப் பார்ப்பதில்லை, விதி அப்படி.
நேற்று ராத்திரி பல்லாவரம் வீட்டுத் தராசில்
ஜோஸ்லின் இருபத்தொன்று,
அதுவும் ஷூவோடு.
தாளில் முப்பத்தைந்து என்றே எழுதினேன்.
மீதிப் பதினாலு கிலோ என்ன சாமான் என்று
கேப்டன் கேட்கமாட்டார்.

பக்கத்து மேசையில் வரதராசன் எரிபொருள் பார்க்கிறார்.
தூத்துக்குடி வரை இவ்வளவு.
அங்கே இறங்க முடியாமல் போனால்
மதுரைக்குப் போக இவ்வளவு.
அதற்கும் மேலே அரைமணி நேரம் சும்மா வட்டமடிக்க.
கல்யாணத்துக்கு முன்னாடி இப்படி ஒரு தாள்
யாரும் போட்டுத் தரலையே சார் என்றேன் ஒருமுறை.
அவர் சிரிக்கவில்லை.
கால்குலேட்டரைத் தேடினார்.

அவள் இருப்பது எனக்கு மேலே, ஒரு மாடி.
நாற்பது படி.
கழுத்தில் காகிதங்கள் போட்ட பை,
பக்கத்தில் கம்பெனி அனுப்பிய பெண்.
என்னிடம் பாஸ் இருக்கிறது, போகலாம்.
போனால் ஒருத்தி அழுவாள்,
அது அவளாக இருக்காது.
ஏழே காலுக்கு எழுந்துவிட்டேன்.
இருபத்தாறாவது படியில் வாக்கிடாக்கி இரைந்தது:
"தூத்துக்குடியில ரெண்டு பேர் வேணாம்னு திரும்பிட்டாங்க, தாளை மாத்துங்க."
இறங்கி வந்து நூற்றைம்பதைக் கழித்தேன்.
அப்புறம் பைகளைக் கழித்தேன்.
அப்புறம் விமானத்தின் மூக்கு எவ்வளவு தாழும் என்று
மறுபடி முதலிலிருந்து.

எட்டு நாற்பதுக்கு மலையின் தோள் தெரிந்தது.
ஒன்பதரைக்கு அந்தச் சத்தம்.
எல்லா விமானமும் ஒரே சத்தம்தான் என்று
புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வதுண்டு.
ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் ஒட்டியிருந்ததால்
எழுந்து போய்த் துடைத்தேன்.
அது வெளிப்பக்கம்.

பதினொன்று பத்துக்கு ரெக்ஸனின் எண்ணிலிருந்து அவள்.
"வந்துட்டேன்மா."
"எவ்வளவு நேரம் ஆச்சு?"
"தெரியல. தூங்கிட்டேன்."
பின்னால் அவர் ஏதோ சொல்ல
அவள் அதற்குச் சிரித்தாள். என்னவென்று கேட்கவில்லை.
"சாப்பிட்டியா?"
"வாயில இருக்கு."

மேசையில் அடுத்த தாள்.
சேலம்.
பெரியவர்கள் ஐம்பத்தெட்டு.
குழந்தைகள் மூன்று, நூற்றைந்து கிலோ.